மரத் தொட்டியில் வெந்நீர்க் குளியல்: தொட்டியைக் கோத்துப் பூட்டுவது எப்படி?

மரத் தொட்டியில் பசையும் இல்லை, ஆணியும் இல்லை. ஊறிப் பருக்கும் பலகைகளும், அவற்றைச் சுற்றி இறுக்கும் எஃகுப் பட்டைகளும்தான் நீரைப் பிடித்து வைக்கின்றன. இது மனதில் இருந்தால் பாதி தவறுகள் நடக்காது.

முதலில் தளம். 180 செ.மீ. உள்விட்டத் தொட்டியில் 90 செ.மீ. உயரத்துக்கு நீர் விட்டால் ஏறக்குறைய 2,300 லிட்டர் பிடிக்கும். நீரின் எடை மட்டுமே 2.3 டன். நான்கு பேர் இறங்கினால் இன்னும் 300 கிலோ. மொட்டை மாடியில் வைப்பதானால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள். தரையில் என்றால், திமிசு போட்டு இறுக்கிய ஜல்லியின் மேல் 10 முதல் 15 செ.மீ. கான்கிரீட் போடுங்கள். ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். தளம் சாய்ந்தால் நீர்மட்டம் ஒருபக்கம் விளிம்புக்கு ஏறிவிடும்.

தளத்தின் மேல் தாங்குகட்டைகள், அவற்றுக்குக் குறுக்காக அடிப்பலகைகள். தொட்டியின் எடை முழுவதும் அடிப்பலகை வழியாகக் கட்டைகளில் இறங்க வேண்டும். பக்கப் பலகைகளின் கீழ்முனை தரையைத் தொடாமல் 1 செ.மீ.யாவது தொங்க வேண்டும். தொட்டால் எடை காடியில் (அடிப்பலகையின் விளிம்பு மாட்டப் பக்கப் பலகையில் வெட்டிய பள்ளம்) ஏறி அதன் உதட்டைப் பிளந்துவிடும். கீழ்முனையும் ஈரத்தில் உளுத்துப்போகும்.

அடிப்பலகைகளை மரமுளைகளால் கோத்து வட்டமாக்கிய பிறகு, பக்கப் பலகைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, காடியை வட்டத்தின் விளிம்பில் மாட்டி, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) தட்டி ஏற்றுங்கள். இரும்புச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் மரம் நசுங்கும். இரண்டு அடிப்பலகைகள் சேரும் கோடும், இரண்டு பக்கப் பலகைகள் சேரும் கோடும் ஒரே இடத்தில் வரக் கூடாது. அங்கே கசிவு சுலபத்தில் நிற்காது. முதல் சுற்றில் எதையும் கடைசிவரை அடித்து ஏற்ற வேண்டாம். கடைசிப் பலகைக்கு இடம் குறைந்தால், மேலும் கீழும் அளந்து, ஓரத்தின் சாய்வு மாறாமல் இழைத்துப் பொருத்துங்கள்.

அடுத்து பட்டைகள். அடியில்தான் நீரழுத்தம் அதிகம். அதனால் முதல் பட்டை அடிப்பலகைக்கு நேர் வெளியே வர வேண்டும். மற்றவை மேலே போகப்போகத் தள்ளித் தள்ளி. போல்ட் பூட்டும் இடங்கள் ஒரே வரிசையில் வராமல் மாற்றி மாற்றி வையுங்கள். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டின் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவாவிட்டால் பாதியில் இறுகிக்கொண்டு கழலாது. கொஞ்சம் முடுக்குங்கள், சுற்றிலும் தட்டுங்கள், மறுபடி முடுக்குங்கள். பலம் உள்ளவரை முடுக்குவது தவறு: ஊறும் மரத்துக்குப் பருக்க இடமில்லாமல் இழைகள் நசுங்கும், அடுத்த முறை காயும்போது இடைவெளி இன்னும் பெரிதாகும்.

நீர் விட்டதும் ஒழுகும், பயப்பட வேண்டாம். குறைந்த நீரில் தொடங்கி மட்டத்தை மெல்ல உயர்த்துங்கள். பெரும்பாலான கசிவுகள் ஒன்று முதல் மூன்று நாளில் தானே அடங்கும். பொறுமையில்லாமல் சிலிக்கோன் பசை பூசினால், பலகையும் பலகையும் ஒட்டவேண்டிய இடத்தில் அது நடுவில் நின்றுகொள்ளும். பிடிவாதமான கசிவுக்கு நீரில் நைசான மரத்தூளைத் தூவுங்கள். ஓட்டமே அதை இடுக்குக்குள் இழுத்து அடைக்கும். உள்பக்கம் வார்னிஷும் வேண்டாம். முதல் நீர் மரச்சாயம் இறங்கிப் பழுப்பாக இருக்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

நீருக்குள் மூழ்கும் விறகடுப்பு என்றால் அதைத் தொட்டியின் அடிப்பலகையோடு பிணைத்தே ஆக வேண்டும். உள்ளே காற்று நிரம்பிய பெட்டி, விட்டால் மிதக்கும். குறித்த மட்டத்துக்கு நீர் ஏறாமல் தீ மூட்டக் கூடாது, தணல் அணையாமல் நீரை வடிக்கவும் கூடாது. வெல்டிங் விட்டுப்போகும், அலுமினிய அடுப்பு உருகவும் செய்யும். 2,000 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 53 யூனிட் வெப்பம் தேவை. வீணாகும் சூட்டையும் சேர்த்தால் 25 கிலோவாட் அடுப்புக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். சூடு மேலே தங்கும். துடுப்பால் கலக்கிவிட்டு வெப்பமானியைப் பாருங்கள். 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.

குளிக்காத நாளிலும் தொட்டியை நீரோடு மூடி வையுங்கள். வாரக்கணக்கில் காலியாகக் கிடந்தால் பலகைகள் சுருங்கிப் பட்டைகள் தளரும். பட்டைகளைச் சரிபார்த்து, மறுபடி மெல்ல ஊறவைத்த பிறகுதான் தீ மூட்ட வேண்டும்.