மலக்குடலை வெட்டியாச்சு, இனி எப்படிச் சேர்ப்பது?

மலக்குடலின் நோயுள்ள பகுதியை வெட்டி எடுக்கும் லோ ஆன்டீரியர் ரிசெக்‌ஷனுக்கு நிற்கும் பிஜி (மேற்படிப்பு) டாக்டர்கள் முதலில் கேட்பது, எந்த ஸ்டேப்லர் (குடலைப் பின் அடித்து இணைக்கும் கருவி) சார் என்றுதான். அதை அப்புறம் பேசலாம். முதலில் மேலே இருக்கும் கோலன் (பெருங்குடல்) தானாக இடுப்புக்குள் இறங்கிப் படுக்கிறதா என்று பாருங்கள். இழுத்துப் பிடித்தால்தான் வருகிறது என்றால் அந்த இணைப்பு நிற்காது. மண்ணீரல் பக்கம் பெருங்குடல் வளையும் ஸ்ப்ளீனிக் ஃப்ளெக்‌ஷரை முழுசாக விடுவியுங்கள், அப்படியும் எட்டவில்லையா, கணையத்தின் கீழ் ஓரத்தில் இன்ஃபீரியர் மெசென்டெரிக் வெயின் என்ற சிரையைக் கட்டி வெட்டினால் இன்னும் நல்ல நீளம் கிடைக்கும்.

அடுத்தது ரத்த ஓட்டம். குடலின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், தியேட்டர் விளக்கு ஏமாற்றும். கோலன் ஓரமாக ஓடும் மார்ஜினல் ஆர்ட்டரியைக் கட்டுவதற்கு முன் வெட்டுமுனையில் ரத்தம் துடித்து வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். ரத்த ஓட்டத்தை ஒளிரச் செய்து காட்டும் ஐசிஜி சாயம் போட்டுப் பார்க்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

சரி, இப்போது ஸ்டேப்லர். கோலன் முனையில் 2-0 புரோலின் நூலில் பர்ஸ்-ஸ்ட்ரிங் (சுருக்குப்பை போன்ற தையல்) போட்டு, ஸ்டேப்லரின் தலைப்பகுதியான ஆன்விலை உள்ளே வைத்து முடியுங்கள். சுற்றியுள்ள கொழுப்பைக் கொஞ்சம்தான் நீக்க வேண்டும், பளபளவென்று சுத்தம் செய்கிறேன் என்று ரத்தக் குழாயையும் சேர்த்து வழித்துவிடுபவர்கள் உண்டு. கீழே ஆசனவாய் வழியாக சர்க்குலர் ஸ்டேப்லரை ஏற்றி, மலக்குடலை மூடிய ஸ்டேப்பிள் வரிசையை ஒட்டி ஸ்டேப்லரின் முள்ளை வெளியே எடுங்கள். ஆன்விலை மாட்டி மூடுவதற்கு முன் மெசென்டரி (ரத்தக் குழாய்களோடு குடலைத் தாங்கும் மடிப்பு) முறுக்கிக்கொள்ளவில்லை என்பதையும், பெண் நோயாளி என்றால் யோனிச் சுவர் நடுவில் சிக்கவில்லை என்பதையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ஸ்டேப்லரை இயக்கிச் சுட்ட பிறகு, அது வெட்டியெடுத்த இரண்டு டோனட்டும் (வளையத் திசு) முழு வளையமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இடுப்பில் சலைன் ஊற்றி, மேலே குடலைப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து காற்று ஏற்றுங்கள். குமிழி வந்தால் தைத்துச் சரிசெய்து மறுபடி சோதியுங்கள், நம்பிக்கை வரவில்லையென்றால் இணைப்பைப் புதிதாகப் போடுங்கள்.

கையால் தைப்பதென்றால், வலது பக்க கோலன் எடுத்த பிறகு சிறுகுடலோடு சேர்க்க, 3-0 பிடிஎஸ் நூலில் ஒரே அடுக்கு போதும். தோராயமாக 5 மில்லிமீட்டருக்கு ஒரு தையல், ஒவ்வொன்றிலும் சப்மியூகோசா (குடலின் உள்தோலுக்கு அடியிலுள்ள அடுக்கு) ஊசியில் ஏற வேண்டும். குடல் தையலைத் தாங்குவது அந்த அடுக்குதான் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1887-லேயே காட்டிவிட்டார். முடிச்சை இறுக்கித் திசுவை நெரிக்காதீர்கள்.

இணைப்பு மிகக் கீழே இருந்தாலோ, கதிர்வீச்சு வாங்கிய இடுப்பு என்றாலோ தற்காலிக இலியோஸ்டமி (சிறுகுடலை வயிற்றுச் சுவர் வழியே வெளியே திறந்துவிடுவது) போட்டுவிடுங்கள். இணைப்பு லீக் ஆனாலும் அதன் விபரீதத்தை அது குறைக்கும். ஐந்தாம் நாள் காரணமில்லாமல் நாடி 120-ல் ஓடினால் லீக்காக இருக்கலாம், எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) எழுதிவிட்டுக் காத்திருக்காமல் வயிற்றுக்கு சிடி எழுதுங்கள்.