டென்னிஸ் ஆடாதவனுக்கு வந்த டென்னிஸ் எல்போ

நான் ஜென்மத்துல டென்னிஸ் பேட்டைத் தொட்டதில்லைங்க. ரங்கூன்ல எங்க டீக்கடைல பலாட்டாவுக்கு, அதான் நம்ம பரோட்டா மாதிரி, மாவு பிசைஞ்சு வீசுறதுதான் இருபது வருஷ வேலை. போன மழைக்காலத்துல ஒருநாள் கெட்டிலைத் தூக்குறேன், முழங்கை வெளிப்பக்க எலும்புல சுள்ளுனு ஒரு இழு, அதுக்கப்புறம் பல்லு தேய்க்கக்கூட இடது கைதான்.

மணிக்கட்டை மேல தூக்குற தசையெல்லாம் அந்த எலும்புலதான் வந்து ஒட்டுது, ஓயாம இறுக்கிப் புடிச்சு முறுக்குனா தசையை எலும்போட ஒட்டவைக்கிற நாண் நைஞ்சுபோகும். 35லேர்ந்து 55 வயசுக்குள்ளதான் ஜாஸ்தி. 1873ல ருங்கேங்கிற ஜெர்மன் டாக்டர் இதைப் பத்தி முதல்ல எழுதுனப்போ பேனா புடிக்கிறவங்க கையைப் பத்திதான் எழுதுனாராம், டென்னிஸ் பேரு பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சு.

கையை நேரா நீட்டி உள்ளங்கை தரையைப் பாக்கிற மாதிரி வெச்சு நடுவிரலை மட்டும் தூக்குங்க, இன்னொரு கையால அதைக் கீழ அமுக்குங்க. வெளி எலும்புல வலிச்சா பெரும்பாலும் இதுதான். ஆனா விரல் மரத்துப்போறது, கழுத்துலேர்ந்து வலி இறங்குறது, மூட்டு வீங்கிச் சுடுறது இதெல்லாம் இருந்தா வேற கதை, முதல்ல டாக்டர்கிட்ட போங்க.

நான் செஞ்ச தப்பு, ஊசி போட்டுக்கிட்டேன். ஒரு மாசம் சொர்க்கம், பழையபடி முழு மாவும் பிசைஞ்சேன், வலி முன்னைவிட மோசமா திரும்பிடுச்சு. ஸ்டீராய்டு ஊசி சீக்கிரம் கேக்கும், ஆனா ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா பயிற்சி பண்ணவங்கதான் நல்லாருக்காங்கன்னு பிசியோதெரபிஸ்ட் அப்புறம்தான் சொன்னாரு.

அவரு சொல்லிக்கொடுத்தது இதான். முன்கையை மேசைல வெச்சு, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளிய, உள்ளங்கை கீழ. புறங்கை மேல இன்னொரு கையை வெச்சு அமுக்கணும், அடிக்கை மேல தள்ளணும், ஆனா ஒண்ணும் அசையக்கூடாது. 30லேர்ந்து 45 விநாடி, ஒரு நிமிஷம் விட்டு 5 தடவை. முதல் ரெண்டு வாரம் இவ்வளவுதான்.

அப்புறம் அதே மாதிரி உக்காந்து, தண்ணி நிரப்புன அரை லிட்டர் பாட்டிலைப் புடிச்சுக்குங்க. மணிக்கட்டை மேல தூக்க மத்த கை உதவட்டும், இறக்குறது மட்டும் வலிக்கிற கை தனியா, நாலு எண்ணுறவரை மெதுவா. 15 தடவை, மூணு சுத்து. இந்த மெதுவா இறக்குறதுலதான் விஷயமே இருக்கு, அவசரப்பட்டு டொப்புனு போட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல. அது லேசா ஆனதும் நான் துணிப்பைல பர்மா கணக்குல அரை வீசை பருப்பு போட்டுக்கிட்டேன், சுமார் 800 கிராம், சம்சாரம் சிரிச்சா, சிரிக்கட்டும்.

வலியே இருக்கக்கூடாதுன்னு இல்ல. பத்துக்கு மூணு நாலு இருக்கலாம், மறுநாள் காலைல பழைய அளவுக்கு இறங்கிடணும், இறங்கலேன்னா எடையைக் குறைங்க. ஆறு வாரத்துக்கு முன்னாடி பெருசா எதிர்பாக்காதீங்க, எனக்கு மூணு மாசம் ஆச்சு.

சாமான் தூக்குறப்ப உள்ளங்கை மேல பாக்கட்டும், லுங்கியை முறுக்கிப் பிழியாம அமுக்கிப் பிழியுங்க, மூஞ்சில பூசுற தனகா கட்டைய இறுக்கிப் புடிச்சு அரைக்கிறதைக் கொஞ்ச நாளைக்கு வேற யார்கிட்டயாவது விடுங்க. டென்னிஸ் எல்போவுக்குன்னு விக்கிற பட்டையைக் கட்டுறவங்க முழங்கைக்கு ரெண்டு விரக்கடை கீழ கட்டணும், வேலை நேரத்துக்கு மட்டும், தூங்கும்போது கழட்டிடணும்.

கெட்டிலை வலியில்லாம தூக்க முடிஞ்ச அன்னிக்குத்தான் மாவுல கை வெச்சேன், அதுவும் முதல் நாள் பத்து பலாட்டா, மிச்சத்தை தம்பி வீசுனான்.