புராஸ்டேட் கேஸ் ஷீட் கைக்கு வந்தால்

மருத்துவமனைப் புற்றுநோய்ப் பதிவேட்டு வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘புராஸ்டேட் ஆபரேஷன்’ என்று மட்டும் இருந்தால் பேனாவைத் திறக்காதீர்கள். அந்த இரண்டு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு அறுவைகள் ஒளிந்திருக்கும். ஆபரேஷன் நோட்டைத் தேடிப் புரட்டுங்கள்.

டி.யு.ஆர்.பி. என்பது சிறுநீர்ப் பாதை வழியே கருவியை விட்டு, அதை அடைக்கும் புராஸ்டேட் சுரப்பியின் திசுவைச் சீவல் சீவலாகச் சுரண்டி எடுப்பது. பெரும்பாலும் முதுமையில் வரும் சாதாரண வீக்கத்துக்குச் செய்வார்கள். சுரப்பி உள்ளேயே இருக்கும். ராடிகல் புராஸ்டேட்டக்டமியில் சுரப்பி முழுவதும், விந்துப்பைகளோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். மூன்றாவது ஆர்க்கிடெக்டமி, அதாவது இரு விரைகளையும் எடுப்பது. புராஸ்டேட்டைத் தொடுவதே இல்லை. இந்தப் புற்றை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடக்குவதுதான் நோக்கம். 1941இல் மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டிய வழி, 1966இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. கத்தி பட்டாலும் நாங்கள் இதை ஹார்மோன் சிகிச்சை என்றே பதிகிறோம். முதல் வருஷம் நானும் அறுவை என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்தது தேதி. ஒரு பெரியவரின் மனைவி, “வேறொரு ஆஸ்பத்திரியில் மூத்திர அடைப்பை எடுத்தார்கள் சார்” என்றார். எக்ஸ்ரே கவருக்குள் நான்காக மடித்த பயாப்சி ரிப்போர்ட் கிடந்தது: சீவல்களில் மூன்று சதவீதத்தில் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பித் திசுவில் வரும் புற்று. எங்களிடம் பெரிய அறுவை நடந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. என் உதவியாளர் அந்த அறுவை நாளையே நோய் கண்டறிந்த தேதியாக எழுதியிருந்தார். தவறு, சீவல் எடுத்த நாள்தான் கணக்கு. கட்டியின் அளவையும் பரவலையும் சொல்லும் குறி ‘டி’. புற்று ஐந்து சதவீதம் வரை என்பதால் மருத்துவ நிலை (பெரிய அறுவைக்கு முன் தெரிந்ததை வைத்துச் சொல்வது) டி1ஏ, தாண்டினால் டி1பி. இதை நோயியல் நிலைக் கட்டத்தில் (அறுவையில் எடுத்த சுரப்பியைச் சோதித்துச் சொல்வது) போடாதீர்கள். நோயியலில் டி1 என்று ஒன்று கிடையவே கிடையாது; அது முழுச் சுரப்பியும் வந்த பிறகு, டி2இல்தான் தொடங்கும்.

புற்றின் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் எண்ணைக் கூட்டி 7 என்று மட்டும் எழுதுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். 3+4 என்றால் கிரேடு குரூப் 2. 4+3 என்றால் கிரேடு குரூப் 3. முதலில் நிற்பது கட்டியில் அதிகமாகக் காணப்படும் திசு அமைப்பின் எண். பயாப்சியில் ஒன்றும் அறுவை ரிப்போர்ட்டில் வேறொன்றும் வரலாம். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள், ஒன்றின் மேல் மற்றொன்றை எழுதி அழிக்காதீர்கள்.

மார்ஜின் (வெட்டு விளிம்பு) பாசிட்டிவ் என்றவுடன் டி3 போடுபவர்களும் உண்டு. நோயியல் நிபுணர் எடுத்த சுரப்பியின் மேற்பரப்பில் மை பூசுவார். கட்டி அந்த மையைத் தொட்டால் மார்ஜின் பாசிட்டிவ், அவ்வளவுதான். சுரப்பியைத் தாண்டி வெளியே பரவியிருந்தால்தான் டி3ஏ; விந்துப்பைக்குள் புகுந்திருந்தால் டி3பி.

புற்று தொடங்கிய உறுப்பைச் சொல்லும் இடக் குறியீடு எப்போதும் சி61.9; அதில் குழப்பம் இல்லை.

பின்தொடர்தலுக்குப் போன் செய்யும்போது “குணமா?” என்று கேட்காதீர்கள். “கடைசியாக பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்த சீட்டு இருக்கிறதா?” என்று கேளுங்கள். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். முழு அறுவைக்குப் பின் அதன் அளவு மீண்டும் ஏறி மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமைத் தொட்டு, மறுமுறையும் அப்படியே வந்தால் அது நோய் திரும்பியதற்கான அறிகுறி. புதிய புற்றுநோயாகப் பதியக் கூடாது. சீட்டின் தேதியையும் எண்ணையும் வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டு, பேசிய நாளைக் கடைசித் தொடர்பு தேதியாக எழுதுங்கள்.