பாட்டியின் பாட்டுகளை வைத்தே பாட்டியின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

பாட்டி போன பிறகு அவரைப் பற்றி ஏதாவது எழுதி வைக்கணும் என்று எல்லா வீட்டிலும் பேச்சு வரும். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் பிறந்த வருஷம், கல்யாணம், பிள்ளைகள், இறந்த தேதி என்று நாலு வரியில் முடிந்துவிடும். வாழ்நாள் முழுக்கப் பாடிக்கொண்டே இருந்த மனுஷி அந்த நாலு வரியில் எங்கே இருக்கிறார்? அதனால் பாட்டுகளில் இருந்து தொடங்குங்கள். ஒரு பாட்டை யாரிடம் கற்றார், எந்த நேரத்தில் பாடினார், யாருக்காகப் பாடினார் என்று நூல் பிடித்துக்கொண்டு போனால் அவருடைய பக்தியும் குடும்பமும் கூடவே வந்துவிடும்.

முதல் படி: பாட்டுப் பட்டியல்

ஒரு நோட்டில் உங்களுக்கு ஞாபகம் இருக்கிற பாட்டுகளை எழுதுங்கள். தாலாட்டு, பிரார்த்தனைப் பாட்டு, ரேடியோவில் கேட்டு முணுமுணுத்த சினிமாப் பாட்டு எல்லாம் சேர்த்திதான். முதல் வரி தெரியாவிட்டால் "காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பாடுவாரே, அது" என்று எழுதினாலும் போதும். மெட்டு மட்டும் தெரிந்தால் போனில் பாடிப் பதிவு செய்துவிடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே, அதைத் தெரிந்தவர் இன்னும் யார் இருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசப்போகும் ஆட்களின் பட்டியலும் அதுதான்.

இரண்டாம் படி: பழைய கேசட்டுகள்

இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், காந்த நாடா வருஷா வருஷம் பலவீனமாகிக்கொண்டே வரும். கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாடா சுருளின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அதைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம், நாடாவும் கெடும், பிளேயரும் கெடும். பழைய நாடாக்களைச் சரிசெய்யும் ஆளிடம் கொடுத்துவிடுங்கள். பூஞ்சை இல்லையென்றால், நாடா வெளியே தெரியும் பக்கத்தின் நடுவில், நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்னத் துணித் திண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்திருந்தால் சத்தம் மங்கலாகவும் ஏறி இறங்கியும் கேட்கும். நாடா தெரியும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து விளிம்பில் இரண்டு மூலையிலும் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள், அப்புறம் யாரும் தெரியாமல் அதன் மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. நாடா தொய்ந்திருந்தால் பென்சிலை நுழைத்துக் கையாலேயே சுற்றி இறுக்குங்கள். 120 நிமிஷக் கேசட் என்றால் கூடுதல் ஜாக்கிரதை, அதன் நாடா ரொம்ப மெல்லியது.

பிளேயரின் ஹெட்டை, அதாவது நாடா உரசிப் போகும் உலோகப் பகுதியை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு கேசட்டைப் போடுங்கள். பிளேயரின் ஹெட்போன் துளையில் இருந்து கம்பி எடுத்துக் கணினியில் கொடுத்தால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளிலேயே பதிவு செய்யலாம். லேப்டாப்பில் அதற்கான துளை இல்லாவிட்டால் மைக் துளையுள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று தேவைப்படும். ஆடாசிட்டி காட்டும் சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள், தாண்டிக் கரகரத்துப் போன குரலை அப்புறம் சரிசெய்ய முடியாது. எம்பி3 வேண்டாம், வேவ் ஃபைலாகச் சேமியுங்கள். பதிவு அமைப்பு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும், ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 600 எம்பி. இன்றைக்கு அது ஒரு இடமே இல்லை.

இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலப் பதிவில் கை வைக்கவே கூடாது. எங்கள் பாட்டியின் பதிவு ஒன்றில், பாட்டு நடுவில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். "இருடா, வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, விட்ட சொல்லை அதே சுருதியில் பிடித்துப் பாடி அடியை முடிக்கிறார். அப்புறம்தான் நடந்து போகிற சத்தம். சுத்தம் செய்ய வேண்டுமென்றால் ஒரு பிரதி எடுத்து அதில் செய்யுங்கள்.

மூன்றாம் படி: உறவினர்களிடம் பேசுவது

"பாட்டியைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் "ரொம்ப நல்லவங்க" என்பார்கள், அதோடு பேச்சு நின்றுவிடும். முதல் வரியைப் பாடிக் காட்டிவிட்டு நிறுத்துங்கள். அடுத்த வரியை அவர்களே எடுப்பார்கள், அதன் பின்னாலேயே கதையும் வரும். வயதானவர்களுக்குப் பத்து வயதில் இருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் மற்றவற்றைவிட அதிகமாக நினைவில் நிற்கும், ஆகவே பாட்டியின் தங்கையோ சிறுவயதுத் தோழியோ இருந்தால் அந்தக் காலத்துப் பாட்டுகளை அவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். மறதி நோய் வந்தவர்களிடமும் பாடிப் பாருங்கள். பெயர்கள் மறந்த பிறகும் பலருக்கு மெட்டு மறப்பதில்லை.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பேசுபவருக்கு ஒரு முழத்துக்குள் ஒரு துணியின் மேல் வையுங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள். பதிவு செய்யலாமா என்று கேட்டு, அவர் சம்மதம் சொல்வதையும் தேதியையும் பதிவிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சில் இடைவெளி விழுந்தால் அதை நிரப்பாதீர்கள், நல்ல விஷயம் பலதும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். ஒரே சம்பவத்தை அத்தையும் சித்தப்பாவும் வேறு வேறு மாதிரி சொன்னால் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் அவரவர் பெயரோடு எழுதி வையுங்கள்.

நான்காம் படி: அவர் பக்தி

அவர் வைத்திருந்த பிரார்த்தனைப் புத்தகத்தை எடுத்துப் பக்க ஓரங்களைப் பாருங்கள். விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கும் பக்கம்தான் அவர் திரும்பத் திரும்பப் போன பக்கம். எங்கள் பாட்டியின் புத்தகத்தில் அப்படி ஒரு பக்கத்தின் ஓரத்தில் பேரன் பேத்திகளின் பெயர்கள் பென்சிலால் இருந்தன, அவரவர் பரீட்சை எழுதிய மாதத்தோடு. அவர் யாருக்காக வேண்டிக்கொண்டார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எல்லாப் பக்கத்தையும் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள், புகைப்படங்களுக்கு 600. முதுகு விரியாத புத்தகத்தை அழுத்தித் திறக்க வேண்டாம், மேலிருந்து போட்டோ எடுத்தால் போதும். லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப்பும் ஒட்டாதீர்கள், இரண்டுமே நாளடைவில் காகிதத்தைக் கெடுக்கும். இன்னொன்று, அவருக்கு நம்பிக்கை தளர்ந்த காலம் உண்டா, அப்போது பாட்டை நிறுத்தினாரா என்றும் மென்மையாகக் கேளுங்கள். கஷ்டத்தை எல்லாம் மறைத்துவிட்டு அவரை வெறும் புண்ணியவதியாக எழுதினால், அவர் பட்ட பாடும் சேர்ந்து மறைந்துவிடும்.

ஐந்தாம் படி: எழுதுவது

ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம். மேலே வரிகள், கீழே அதோடு வந்த கதை, யார் சொன்னது என்ற குறிப்பு. வருஷம் தெரியாத இடத்தில் "பெரியவன் பிறப்பதற்கு முன்" என்று எழுதலாம், ஊகித்து எண் போட வேண்டாம். வெளியில் சொல்லக்கூடாது என்று யாராவது கேட்டுக்கொண்டதை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, சேமிப்பு

ஃபைல் பெயரைத் தேதியில் தொடங்குங்கள்: 2025-03-09-அத்தை-தாலாட்டு. இப்படி வைத்தால் தானாகவே வரிசையாக நிற்கும். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள் இருக்கட்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும், ஒன்றாவது வேறு வீட்டிலோ கிளவுடிலோ இருக்க வேண்டும். பென்டிரைவை மட்டும் நம்பாதீர்கள். பாட்டியின் பிறந்தநாள் வரும்போதெல்லாம் ஒவ்வொரு பிரதியும் திறக்கிறதா என்று போட்டுக் கேட்டுவிடுங்கள். திறக்காத பிரதிக்குப் பதில் அன்றைக்கே புதிதாக ஒன்று எடுத்து, வீட்டில் அடுத்த தலைமுறையில் ஒருவருக்கு அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றும் பாஸ்வேர்டு என்ன என்றும் சொல்லி வையுங்கள்.