வாடகை பாக்கி வழக்கு: இரு தரப்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடகை பாக்கி வழக்கில் நீதிபதி பார்க்கும் விஷயங்கள் கொஞ்சம்தான். பேசிய வாடகை எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து பாக்கி, முறையான நோட்டீஸ் போனதா, தராததற்குச் சட்டம் ஏற்கும் காரணம் உண்டா. மாடிப்படியில் நடந்த சண்டையும் ஓனர் முகம் கொடுத்துப் பேசாததும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் ஆகாது. ஆனால் பலர் மனுவில் பாதியை அதற்கே செலவழிக்கிறார்கள்.

குடித்தனக்காரர் செய்யக்கூடிய மிக மோசமான தவறு, சம்மன் வந்தும் போகாமல் இருப்பது. “பாக்கி இருப்பது உண்மைதானே, போய் என்ன சொல்ல?” என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிட்டால், எதிர்த்தரப்பு சொன்ன கணக்கை மட்டும் வைத்து ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும். போயிருந்தால் அவகாசமாவது கேட்டிருக்கலாம்.

அடுத்தது ரசீது. பணம் கொடுத்தேன் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். கையில் கொடுத்த ரொக்கத்துக்குச் சாட்சி இல்லையென்றால், நீதிபதி நம்ப நினைத்தாலும் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. வங்கிப் பரிமாற்றத்தில்கூட எந்த மாத வாடகை என்று குறிப்பு எழுதுவது நல்லது. இல்லாவிட்டால் அது பழைய கடனுக்கு வந்த பணம் என்று எதிர்த்தரப்பு சொல்லலாம்.

“ஒழுகுகிற கூரையைச் சரிசெய்யவில்லை, அதனால் வாடகை தரவில்லை” என்ற வாதத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். இது எடுபடாத வாதம் இல்லை. 1970-ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு வழக்கு வந்தது. கட்டடத்தில் சுமார் 1,500 விதிமீறல்கள் இருப்பதாகக் குடியிருந்தவர்கள் சொன்னார்கள். வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருந்தால்தான் வாடகை கேட்க முடியும், குறைபாட்டுக்கு ஏற்ப வாடகை குறையலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் இதைப் படித்துவிட்டு வாடகையை நிறுத்திச் செலவழித்துவிடுபவர்தான் மாட்டிக்கொள்கிறார். பழுது பற்றி முன்பே எழுத்தில் புகார் கொடுத்தாரா, தேதியோடு படம் இருக்கிறதா, நிறுத்திய பணம் இப்போது எங்கே என்று கேள்வி வரும். பணத்தைத் தனியாக வைத்திருந்து நீதிமன்றத்தில் செலுத்தத் தயார் என்பவரின் பேச்சுக்கு எடை வேறு. வாடகையை இப்படி நிறுத்தவே இடம் தராத சட்டங்களும் உண்டு. அதனால் நிறுத்தும் முன்பே வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் கதையும் இப்படித்தான். “அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும்” என்று தானாக முடிவெடுக்க வேண்டாம். ஒப்பந்தம் அப்படிச் சொல்கிறதா, ஓனர் எழுதி ஒப்புக்கொண்டாரா என்று முதலில் பாருங்கள்.

இந்தியாவில் சிலர் கடைசி ஆயுதமாக “இவர் ஓனரே இல்லை” என்பார்கள். அவரிடம்தான் வீட்டை வாடகைக்கு வாங்கினீர்கள் என்றால், குடியேறும்போது அவருக்கு உரிமை இல்லை என்று குடியிருந்துகொண்டே வாதிட முடியாது. 1872 சாட்சியச் சட்டக் காலத்திலிருந்தே இதுதான் விதி.

சரி, ஓனர்கள் எங்கே சறுக்குகிறார்கள்? பூட்டை மாற்றுவது, தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பது. பாக்கி உண்மையாகவே இருந்தாலும், அப்புறம் பதில் சொல்ல வேண்டியவர் ஓனர் ஆகிவிடுவார். நோட்டீஸில் தொகையை ஊதிப் பெரிதாக்குவதும் வினைதான். கணக்கு ஒரு இடத்தில் இடித்தால் மற்ற கணக்கையும் சந்தேகிப்பார்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. பாக்கியால் குத்தகை (அதாவது வாடகை ஒப்பந்தம்) முடிந்தது என்று அறிவித்தபின் வந்த வாடகையை வழக்குப் போடும் முன்பே வாங்கிக்கொண்டால், அதை வைத்துக் காலி செய்யச் சொல்லும் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகலாம். இந்தியச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வழக்குப் போட்டபின் வாங்கினால் அப்படி ஆகாது.

விசாரணையன்று முழுப் பாக்கியையும் கொண்டுவந்தால் வீடு தப்புமா? அதே சட்டத்தின் 114-ஆம் பிரிவின்படி பாக்கி, வட்டி, வழக்குச் செலவு மூன்றையும் செலுத்தினால், அல்லது 15 நாளில் செலுத்துவதற்குப் போதிய ஈடு கொடுத்தால், குத்தகையை நீதிபதி காப்பாற்றலாம். ‘லாம்’தான், கட்டாயம் இல்லை. மாநில வாடகைச் சட்டம் பொருந்தும் இடத்தில் அதன் கெடுவே முக்கியம். இங்கிலாந்தின் 1988 வீட்டுவசதிச் சட்டத்தில் காலி செய்யச் சொல்வதற்கான ஒரு காரணம் இன்னும் கறார்: நோட்டீஸ் கொடுத்த அன்றும் விசாரணை அன்றும் பாக்கி குறிப்பிட்ட அளவைத் தொட்டிருந்தால், இரக்கம் காட்ட நீதிபதிக்கு இடமில்லை. அங்கே விசாரணைக்கு முன்பே கொஞ்சம் கட்டி, பாக்கியை அந்த அளவுக்குக் கீழே கொண்டுவந்தவருக்கு நீதிபதியிடம் பேச ஒரு வாய்ப்பாவது மிஞ்சும்.