குமரி மாவட்டப் புள்ளிவிவரங்களை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்ட மக்களில் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தவர். தமிழ்நாடு முழுமைக்கும் அந்த அளவு 48 விழுக்காடுதான். இதை வைத்துக்கொண்டு, குமரி மாவட்டத்தில் கிராமமே இல்லாமல் போய்விட்டது என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் வீடு, ரப்பர் தோட்டத்தின் நடுவில் இருந்தாலும் வாழைத்தோட்டத்தின் ஓரத்தில் இருந்தாலும், கணக்கெடுப்புக்கு அது நகர்ப்புற வீடே. இம்மாவட்டத்திலோ ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் உள்ளன. ஊராட்சியாகவே நிர்வகிக்கப்படும் ஊரும், 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, ஆண் முதன்மை உழைப்பாளர்களில் (ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர்களில்) குறைந்தது 75 விழுக்காட்டினர் வேளாண்மை சாராத வேலையில் இருத்தல் ஆகிய மூன்றும் பொருந்தினால் நகரமாகவே எண்ணப்படுகிறது. ஆகவே விழுக்காட்டை எடுத்தாளும் முன் ‘நகர்ப்புறம்’ என்பதன் வரையறையைப் படித்தாக வேண்டும்.

ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள் என்ற விகிதத்திலும் இதே கவனம் தேவை. பெண்குழந்தைகள் மிகுதியாகப் பிறக்கிறார்கள் என்பது இதன் பொருளன்று. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடையே அந்த விகிதம் ஆயிரத்துக்குக் கீழேதான் இருந்தது. பெண்களின் கூடுதல் ஆயுளோடு, 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரையிலான கணக்கெடுப்பு நாள்கள் முழுவதும் வளைகுடா நாடுகளில் வேலையில் இருந்த ஆண்கள் வீட்டுக் கணக்கில் சேர்க்கப்படாததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2001இல் 1,014 ஆக இருந்த இவ்விகிதத்தின் உயர்வு அரை விழுக்காடுதான் என்றாலும், பட்டை வரைபடத்தை 1,010இலிருந்து தொடங்கினால் இரண்டாவது பட்டை முதலாவதைப்போல் இரு மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கும். பட்டைகள் சுழியத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

எழுத்தறிவு விகிதமான 91.75 விழுக்காட்டை மொத்த மக்கள்தொகையான 18,70,374ஆல் பெருக்கி எழுத்தறிந்தோர் எண்ணிக்கையைக் கணிப்பதும் பிழையே. அவ்விகிதம் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது மீன்பிடிப் புள்ளிவிவரங்களைத் தவறாகக் கையாள்வது. கரையிறக்கக் கணக்கு, ஒரு கரையில் இறக்கப்பட்ட மீனின் அளவைச் சொல்கிறதேயன்றி அக்கரையைச் சேர்ந்தவர்கள் பிடித்த மீனின் அளவைச் சொல்வதில்லை. குமரி மாவட்டத் தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் மீனவர்கள் பலரும் கொச்சி போன்ற துறைமுகங்களில் மீனை இறக்குவதால், அவர்கள் பிடித்த மீன் கேரளக் கணக்கில் ஏறுகிறது. குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் ஆகியவற்றின் கணக்கை மட்டும் கூட்டி, இதுவே குமரி மீனவர்களின் உழைப்பு என்று எழுதுவோர், வெளியே இறக்கப்பட்ட மீனையும் படகின் சொந்த ஊர் வாரியாகக் கேட்டுத் திரட்ட வேண்டும்.