சங்கீதம் சொல்லித் துதிப்பது எப்படி?

துதிக்க வார்த்தை வரவில்லையா? வேதாகமத்தின் சங்கீத புத்தகத்தில் 147-ஆம் சங்கீதத்தைத் திறந்து வாய்விட்டு வாசியுங்கள். 3-ஆம் வசனத்தில் கர்த்தர் நொறுங்குண்ட இருதயங்களைக் குணமாக்கி, காயங்களைக் கட்டுகிறார். அடுத்த வசனத்திலேயே நட்சத்திரங்களை எண்ணி, அவற்றைப் பேரிட்டு அழைக்கிறார். அந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன், நீங்களும் நில்லுங்கள். அத்தனை பெரியவர் என் காயத்துக்குக் கட்டுப் போடுகிறார்! இனி அதே வரிகளை "நீர் குணமாக்குகிறீர், நீர் எண்ணுகிறீர்" என்று அவரிடமே சொல்லுங்கள்.

பிறகு 136. அதன் 26 வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகின்றன. அவர் உங்களுக்குச் செய்த நன்மைகளையும் அப்படியே சொல்லி முடியுங்கள். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று கடந்துபோக வேண்டாம். குணமான காய்ச்சல், கிடைத்த வேலை என்று குறிப்பிட்டே சொல்லுங்கள். மனம் சோர்ந்த நாளில் 103-ஐ எடுங்கள். அதைப் பாடிய தாவீது ராஜா அதில் தன் ஆத்துமாவைத்தான் தட்டி எழுப்புகிறார்.